முதலங்கமும் முந்திய தீர்ப்பும்

யப்பானிய அனிமேத் தொடர்களைப் பற்றிய உரையாடல் இன்று நம் பல்கலைக்கழகச் சூழலிலே புதிதன்று. விடுதி அறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் அது நாள்தோறும் நிகழ்கின்றது. அவ்வுரையாடலைச் செவிமடுப்போருக்கு ஓர் உண்மை விரைவிலே புலப்படும். தொடரொன்றின் பொருள் யாது, அமைப்பு யாது, அது மனித வாழ்வைப் பற்றி யாது கூறுகின்றது என்பன பேசப்படுவது அரிது. பேசப்படுவது ஒன்றே: முதல் அங்கம் 'பிடித்ததா, இல்லையா' என்பது. பிடித்ததெனின் தொடர் நன்று. பிடிக்கவில்லையெனின் அதனைக் கைவிடலாம். இருபத்து நான்கு நிமிடங்களிலே விசாரணையும் முடிந்து தீர்ப்பும் வழங்கப்பட்டு விடுகின்றது.

இத்தீர்ப்புக்கு ஆதாரமாக நம்மவர் எடுத்தாளும் பழமொழியும் ஒன்றுண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பழமொழியோடு நமக்குப் பகையில்லை. ஆயின் அது எந்நிலையிலே பொருந்தும் என்பதனைச் சிந்தித்தல் வேண்டும். பானையிலுள்ள சோறு முழுவதும் ஒரே உலையிலே, ஒரே தீயிலே, ஒரே நேரத்திலே வெந்தது. ஆகவே எடுத்த ஒரு பருக்கை எஞ்சியவற்றுக்குச் சான்றாகின்றது. தொடரின் முதலங்கம் அவ்வாறு வெந்ததன்று. அது தனியுலையிலே, கூடுதலான விறகிட்டு, கூடுதலான நேரங் கொடுத்துச் சமைக்கப்பட்ட பருக்கை. அதனைக் கொண்டு பானையின் பதங் காண முயல்வது பழமொழியைப் பின்பற்றுவதாகாது, பழமொழிக்குத் தவறிழைப்பதேயாகும்.

இக்கூற்று வெறும் உவமையன்று. இன்றைய அனிமேத் தயாரிப்பின் நடைமுறையே அதுதான். ஓராண்டு நான்கு பருவங்களாக வகுக்கப்பட்டுள்ளது; பருவமொன்று ஏறத்தாழ மூன்று மாதங்கள்; ஒரு பருவத்துத் தொடர் பெரும்பாலும் 12 அல்லது 13 அங்கங்களைக் கொண்டது. பருவந்தோறும் பல பத்துத் தொடர்கள் ஒரே காலத்திலே தொடங்குகின்றன. வெளியீட்டாளர், இசைத்தட்டு நிறுவனத்தார், தொலைக்காட்சி நிலையத்தார், விளையாட்டுப்பொருள் உற்பத்தியாளர் ஆகியோர் கூடி முதலிடும் 'தயாரிப்புக் குழு' முறையே பெரும்பாலான தொடர்களின் பொருளாதார அடித்தளம். இத்தகைய நெரிசலிலே முதலங்கம் கடைவாயிற் பலகையாகி விடுகின்றது. ஒளிபரப்புத் தொடங்குமுன் கிடைக்கும் நீண்ட அவகாசம் முதலங்கத்துக்கே வாய்க்கின்றது. ஒளிபரப்புத் தொடங்கிய பின்னரோ கலைஞர் வாரக்கெடுவோடு போராட வேண்டியவராகின்றனர். எனவே முதலங்கத்தின் மெருகு முழுத் தொடரின் மெருகுக்குச் சான்றாவதில்லை. நேர்மாறாகவும் நிகழக்கூடும், அமைதியாகத் தொடங்கும் ஒரு படைப்பு மெருகின்மையினால் அன்றிப் பொருளின் தேவையினாலேயே அவ்வாறு தொடங்கியிருக்கலாம்.

வரலாற்றைச் சற்று நோக்குவோம். அரைமணி நேர வாராந்த அனிமேத் தொடர் என்னும் வடிவத்தை யப்பானிலே நிலைநிறுத்தியது தெசுக்கா ஒசாமுவின் 'தெற்சுவான் அட்டொம்'. வெளிநாடுகளிலே 'அஸ்ரோ போய்' என அறியப்பட்ட இத்தொடர் 1963 சனவரி 1ஆந் திகதி ஃபுஜி தொலைக்காட்சியிலே தொடங்கி, 1966 இறுதி வரை 193 அங்கங்கள் நடைபெற்றது. வாரந்தோறும் ஓர் அங்கத்தை ஆக்கி முடிப்பதற்காகத் தெசுக்காவின் முஷி தயாரிப்பகம் கையாண்ட சிக்கன உத்திகள் பலராலும் அறியப்பட்டவை. செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடும் படச்சுருளிலே, ஒரு சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திச் செக்கனுக்கு 8 சித்திரங்களோடு அமைந்தனர்; அசையாச் சித்திரங்களைப் பயன்படுத்தினர்; ஒருமுறை வரைந்தவற்றைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர்.

அத்தொடரின் முதலங்கம் யாது செய்தது? விபத்திலே மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அம்மகனின் சாயலிலே இயந்திரச் சிறுவனொருவனை ஆக்குகின்றார். அச்சிறுவன் வளரமாட்டான் என்பதனை உணர்ந்ததும் வெறுப்புற்று அவனைச் சர்க்கசுக்காரனுக்கு விற்று விடுகின்றார். ஆக்கியவனாலே கைவிடப்பட்ட பிள்ளை என்னும் இவ்வொரு நிலைமையிலிருந்தே பின்வரும் அங்கங்களின் அறக்கேள்விகள் பிறக்கின்றன. அதனை விறுவிறுப்பின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது. முதலங்கம் அங்கே ஒரு வினாவை முன்வைத்தது. அதுவே அதன் பணி.

கதை வாரந்தோறும் தனித்தனியே முடிவுறாது தொடர்ந்து செல்லும் படைப்புகள் பெருகியபோதே முதலங்கப் பிரச்சினை கூர்மையடைந்தது. 1974ஆம் ஆண்டு இவ்வகையிலே மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு சனவரியிலே தக்கஹாத்தா இசாவோவின் நெறியாள்கையில் 'அல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' தொடங்கியது. ஒக்ரோபரிலே, அதே ஞாயிறு மாலை நேரத்திலே, வேறொரு நிலையத்திலே 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடங்கியது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு தொடக்கங்களை ஒப்புநோக்க இதனிலும் சிறந்த வாய்ப்பு அரிது.

'ஹைடி'யின் முதலங்கத்திலே நிகழ்வது யாது? அனாதைச் சிறுமியொருத்தி தன் சின்னம்மாவோடு மலையேறுகின்றாள். மூட்டையாகக் கட்டித் தூக்குவதைத் தவிர்ப்பதற்காக அவளது உடைகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்கு உடுத்தப்பட்டுள்ளன. வெயிலிலே வெந்து தவிக்கும் சிறுமி, ஆட்டுக்காரப் பையனையும் ஆடுகளையும் கண்டதும் அவ்வுடைகளை ஒவ்வொன்றாகக் களைந்தெறிந்து ஓடுகின்றாள். அவ்வளவே. போரில்லை, கொலையில்லை, மர்மமில்லை. எனினும் 52 அங்கங்களிலும் சொல்லப்படவிருப்பது முழுவதும் அவ்வோட்டத்திலே அடங்கியுள்ளது. நகரமும் உறவினரும் சுமத்திய சுமையைக் கழற்றி மலையிலே மனிதப் பிள்ளையாக மாறுதல் என்னும் பொருளை ஒரு சொல்லும் உரையாது உடையாலும் உடலசைவாலும் காட்டி விட்டார் தக்கஹாத்தா. பின்னர் அச்சிறுமி பிராங்போட் நகரத்து வீடொன்றிலே அடைபட்டு நோயுறும்போது, முதலங்கத்திலே களைந்த உடைகள் நம் நினைவுக்கு வராவிடின் அந்நோயின் தன்மை நமக்கு முழுமையாக விளங்காது.

'யமாட்டோ'வோ தோல்வியோடு தொடங்குகின்றது. புளூட்டோ அருகே பூமியின் கப்பற்படை அழிகின்றது, தளபதி பின்வாங்குகின்றார், பூமியின் உயிர்கள் வாழ்வதற்கு ஓராண்டே எஞ்சியுள்ளது. வீரசாகசத்தை எதிர்பார்த்து அமர்ந்த சிறுவனுக்கு முதலிலே காட்டப்பட்டது தோற்றோடும் கிழவர் ஒருவரின் முகம். இத்தொடர் அன்று போதிய பார்வையாளரைப் பெறவில்லை. திட்டமிட்டதிலும் சுருங்கி 26 அங்கங்களோடு 1975 மார்ச்சிலே முடிவுற்றது. ஆயின் மறு ஒளிபரப்புகளிலே அதன் புகழ் பரவி, 1977இல் திரைப்படமாகத் தொகுக்கப்பட்டபோது திரையரங்குகளின் முன் இளைஞர் வரிசையாக நின்றனர். முதன்முறை வழங்கப்பட்ட தீர்ப்பு மூன்றாண்டுகளிலே தலைகீழாயிற்று. படைப்பு மாறவில்லை, அதனைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் தொகையே மாறியது.

இதனினும் தெளிவான சான்று 1979 ஏப்பிரலிலே தொடங்கிய 'மொபைல் சூற் கண்டாம்'. தொமினோ யொஷியுக்கியின் நெறியாள்கையில் வந்த இத்தொடருக்கு விளையாட்டுப்பொருள் நிறுவனமொன்றே முதன்மை விளம்பரதாரர். 52 அங்கங்களாகத் திட்டமிடப்பட்ட அது 43 அங்கங்களோடு 1980 சனவரியிலே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு யூலையிலே பண்டாய் நிறுவனம் வெளியிட்ட பிளாத்திக்கு மாதிரிகளும், மறு ஒளிபரப்புகளும், 1981, 1982ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று திரைப்படங்களும் அதனை நிலைபெறச் செய்தன. இன்று அதன் பெயரைக் கேள்வியுறாத அனிமே ஆர்வலர் இலர்.

அதன் முதலங்கத்தை நுணுகி நோக்குக. விண்வெளிக் குடியிருப்பொன்றைப் பகைவரின் மூன்று இயந்திரங்கள் வேவு பார்க்க வருகின்றன. இளம் படைவீரன் ஒருவன் கட்டளையை மீறித் தாக்குகின்றான். குடிமக்கள் மடிகின்றனர். பயிற்சியற்ற சிறுவன் அமுரோ கையேட்டைப் புரட்டியபடியே கண்டாமில் ஏறிப் பகைவன் ஒருவனை வீழ்த்துகின்றான். இதுவரை கதை வழமையானதே. ஆயின் வீழ்ந்த இயந்திரம் வெடிக்கின்றது. வெடிப்பினாலே குடியிருப்பின் சுவர் துளைபடுகின்றது. அத்துளையினூடாக விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்படுபவர் அமுரோவின் சொந்தத் தந்தை. அடுத்த பகைவனை வெடிக்காத வகையிலே கொல்ல வேண்டுமென அச்சிறுவன் உணர்கின்றான். எனவே இயந்திரத்தை அன்றி அதனை ஓட்டுபவனையே நேராகக் குத்துகின்றான். அதாவது, வெற்றிக்கு விலையுண்டு என்பதும், இயந்திரத்தினுள் மனிதன் இருக்கின்றான் என்பதும், அம்மனிதனைக் கொல்வதே 'கவனமான' போர் என்பதும் முதல் இருபத்து நான்கு நிமிடங்களிலே கூறப்பட்டு விட்டன. அதற்கு முன் வந்த இயந்திரவீரன் கதைகளிலே பழகிய கண்ணுக்கு இதுவும் அவற்றுள் ஒன்றாகவே தோன்றியிருக்கும். குறைபாடு முதலங்கத்திலே இல்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியிலேயே இருந்தது.

இங்கே எதிர்வாதியொருவர் குறுக்கிடக்கூடும். "ஒரு அங்கம் போதாதென்பது உண்மைதான், ஆகவேதான் மூன்று அங்கங்கள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்கின்றோம்" என்பார் அவர். மூன்றங்க விதி எனப்படும் இது ஆர்வலரிடையே ஏறத்தாழ வேதவாக்காகி விட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் 2011 சனவரியிலே தொடங்கிய 'மடோக்கா மஜிக்கா'. ஷின்போ அக்கியுக்கி நெறிப்படுத்த, உரொபுச்சி கென் எழுதிய இப்பன்னிரண்டு அங்கத் தொடரின் மூன்றாவது அங்கத்திலே, முதன்மைப் பாத்திரங்களுள் ஒருத்தி எதிர்பாராத வகையிலே கொல்லப்படுகின்றாள். "பார்த்தீர்களா, முதலங்கத்தோடு விட்டிருந்தால் இதனைத் தவறவிட்டிருப்பீர்கள்" என்பது அவர்களது வாதம்.

இவ்வாதம் இருவகையாற் பிழைபட்டது. முதலாவது, மூன்று என்பது எண்கணிதமேயன்றி விமரிசனம் அன்று. இருபத்து நான்கு நிமிடத்துத் தீர்ப்பை எழுபத்திரண்டு நிமிடத்துத் தீர்ப்பாக நீட்டுவதனாலே அதன் தன்மை மாறிவிடாது. கேட்கப்படும் கேள்வி 'பிடித்ததா' என்பதாகவே இருக்கின்றது. இரண்டாவது, 'மடோக்கா'வின் முதலங்கம் எதனையும் மறைக்கவில்லை. அதன் முதற் காட்சியே அழிந்த நகரமும், வானிலே தனித்துப் போரிடும் சிறுமியும், ஒப்பந்தத்துக்கு அழைக்கும் சிற்றுயிரின் குரலும் கொண்ட கனவு. அதன் பின் வரும் சூனியக்காரியின் மாயவெளியோ வெட்டி ஒட்டிய தாள்களும் பொருந்தா உருவங்களும் நிறைந்து, மென்னிறப் பள்ளிச் சிறுமியர் உலகத்தைக் கிழித்துக்கொண்டு தோன்றுகின்றது. அங்கம் முடிவதும் மீண்டும் அவ்வொப்பந்த அழைப்போடேயாம். பத்தாவது அங்கத்தை அடைந்தவர் அக்கனவு யாருடைய எவ்வனுபவம் என்பதனை அறிவர். ஆகவே மூன்றாம் அங்கம் முதலங்கத்தைப் பொய்யாக்கவில்லை. அதன் வாக்கை நிறைவேற்றவே செய்தது. "ஏமாந்தோம்" என்பவர் உண்மையிலே ஏமாற்றப்படவில்லை. வண்ணத்தைக் கண்டு வடிவத்தைக் காணாது விட்டனர்.

மூன்றங்க விதியின் தீங்கு இதனோடு நின்றுவிடுவதுமில்லை. விதி பரவுமிடத்து, ஆக்குவோரும் அதற்கேற்ப அதிர்ச்சியைக் கணக்கிட்டு வைக்கத் தூண்டப்படுவர். மரணம் கதையின் உள்ளியக்கத்திலிருந்து பிறவாது, நாட்காட்டியிலிருந்து பிறக்கும். சுவைஞன் வகுத்த சட்டம் இறுதியிலே கலைஞனின் கையைக் கட்டுகின்றது.

இனி, மறுகரையிலே நிற்போரையும் விட்டுவிடலாகாது. "முதற் பன்னிரண்டு அங்கங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அதன்பின் அற்புதம்" என்று அறிவுரை கூறும் பொறுமைவாதிகள் சிலர் உளர். பன்னிரண்டு அங்கங்கள் என்பது 288 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்கள். மனிதனின் ஓய்வு நேரம் அவனது உழைப்பினாலே ஈட்டப்பட்டது. அதனை விரயமாக்க எக்கலைஞனுக்கும் உரிமையில்லை. ஐந்து மணித்தியாலம் ஒன்றும் சொல்லாத படைப்பு, ஆறாவது மணித்தியாலத்திலே சொல்வதனைக் கேட்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை.

இவர்கள் பெரும்பாலும் துணைக்கழைப்பது 2011 ஏப்பிரலிலே தொடங்கிய 'ஸ்ரெய்ன்ஸ் கேற்' தொடரை. அதன் முற்பாதி மெதுவானது என்பதும், பன்னிரண்டாம் அங்கத்தின் இறுதியிலே கதை கொடுந்திருப்பம் கொள்கின்றது என்பதும் மெய். ஆயின் அதன் முதலங்கம் வெறுமையானதா? அக்கிஹபாராவின் கட்டடமொன்றிலே ஓர் அலறல். இரத்தத்திலே கிடக்கும் இளம்பெண். நண்பனுக்கு அனுப்பப்பட்ட ஒரு செய்தி. அக்கணமே வெறிச்சோடிப்போன வீதி. சில நிமிடங்களின் பின் உயிரோடு எதிர்ப்படும் அதே பெண். முழுத் தொடரும் விடுவிக்க வேண்டிய முடிச்சு அங்கேயே இடப்பட்டு விட்டது. இருபத்து நான்கு அங்கங்களின் இறுதியிலே கதை அக்கட்டடத்துக்கே, அவ்வலறலுக்கே திரும்பி வருகின்றது. இடைப்பட்ட மெதுவான அங்கங்கள் அந்நண்பர் கூட்டத்தை நமக்கு நெருக்கமானோராக்குகின்றன; இழப்பதற்கு ஏதேனும் இருந்தாலன்றோ இழப்பு இழப்பாகும்? ஆகவே பொறுமைவாதி தன் சான்றையே தவறாகப் படித்துள்ளார். மெதுவாக நடப்பது வேறு, நடவாதிருப்பது வேறு. முதலங்கம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டப் போதுமானது, நாம் அதனை நோக்கினால்.

அவ்வாறாயின் முதலங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது யாது? இவ்விடத்திலே நம் இலக்கண மரபு கைகொடுக்கின்றது. நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நன்னூலாரின் துணிபு. சிறப்புப்பாயிரத்துக்கு அவர் வகுத்த எட்டினுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவும் அடங்கும். நூல் எதனைப் பற்றியது, யாருக்குரியது, அதனாற் பெறுவது யாது என்று தொடக்கத்திலேயே அறிவித்தல் என்பதே இதன் கருத்து. பாயிரம் தூண்டிலன்று, கேட்போனை மதித்து அவனோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை. தொடரின் முதலங்கமும் இத்தகையதே. ஆகவே அதனிடம் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. இப்படைப்பு எப்பொருளை முன்வைக்கின்றது? தன்னை எவ்வாறு பார்க்க வேண்டுமென நமக்குக் கற்பிக்கின்றது? எதனைத் தருவதாக வாக்களிக்கின்றது? இம்மூன்றுக்கும் விடையில்லாத முதலங்கம், எத்துணை அழகாக வரையப்பட்டிருப்பினும், தோல்வியே. விடையுள்ளது, ஓசையின்றி நடப்பினும், வெற்றியே.

முதலங்கம் உடன்படிக்கை என்பதற்குச் சுவையான சான்று 2006 ஏப்பிரலிலே தொடங்கிய 'சுசுமியா ஹருஹியின் மனச்சோர்வு'. பதினான்கு அங்கங்களும் காலவரிசை மாறி ஒளிபரப்பப்பட்டன. முதலாவதாக வந்தது, கதைமாந்தராகிய மாணவர்கள் பாடசாலை விழாவுக்காகத் தாமே எடுத்த படம்: தள்ளாடும் ஒளிப்படக்கருவி, மனனஞ்செய்து ஒப்புவிக்கும் நடிப்பு, பொருளற்ற கதை. கைதேர்ந்த கலைஞர், கைதேறாதவரின் பிழைகளை அத்துணை நுட்பமாக வரைந்து காட்டினர். 'பிடித்ததா' என்னும் கேள்வியோடு வந்தவர் திகைத்தனர். ஆயின் அவ்வங்கம் கற்பித்த பாடம் தெளிவானது: இங்கே நீங்கள் துண்டுகளைத் தாமே பொருத்த வேண்டியவர்கள், கதையைக் காட்டிலும் கதை சொல்லும் விதமே இங்கு விளையாட்டு. 2009இல் புதிய அங்கங்களோடு சேர்த்து 28 அங்கங்களாகக் காலவரிசைப்படி அது மீண்டும் ஒளிபரப்பானபோது, அவ்வழியே வந்தவர்க்குக் கிட்டியது வேறொரு முதலங்கம். ஆகவே ஒருவகையிலே வேறொரு படைப்பு. காட்சிகள் அவையே, உடன்படிக்கை அதுவன்று. முதலங்கம் பொருட்டன்று என்பார் இதற்கு விடை கூறக் கடவர்.

முதலங்கமே இல்லாது போனால் யாது நேரும் என்பதற்கும் வரலாற்றிலே சான்றுண்டு. 1998 ஏப்பிரலிலே ரோக்கியோ தொலைக்காட்சி 'கௌபோய் பீபொப்' தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபோது இரண்டாம் அங்கத்திலிருந்தே தொடங்கியது. 26 அங்கங்களுள் பாதிக்கும் குறைவானவையே அங்கே காட்டப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரிலிருந்து 1999 ஏப்பிரல் வரை வவ்வவ் என்னும் செய்மதி அலைவரிசையிலேயே அது முழுமையாக வெளிவந்தது. காட்டப்படாத முதலங்கத்தின் தொடக்கத்திலே சொல்லில்லாத சில கணங்கள் உள்ளன: மங்கிய நிறத்திலே மழை, காத்து நிற்கும் ஒருவன், நீரிலே வீழ்ந்து கிடக்கும் ரோசாமலர், துப்பாக்கிச் சண்டை. பின்னர் நாம் காணும் ஸ்பைக் சோம்பலும் நகைச்சுவையும் மிக்கவன். ஆயின் அம்மழையைக் கண்டவருக்கு அவனது சோம்பல் வேறு பொருள் தருகின்றது. ஏற்கெனவே ஒருமுறை இறந்தவனின் சோம்பல் அது. 1998இன் வசந்தத்திலே அந்நிலையத்திலே பார்த்தோர்க்குக் கிட்டியது நாய்க்குட்டியும் குறும்பும் நிறைந்த விண்வெளிச் சாகசம். சோகநாடகத்தின் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது.

வாக்களித்தல் என்று கூறினோம். வாக்கை நிறைவேற்றாமை பற்றிய பூசலும் அனிமே வரலாற்றிலே உண்டு. அதனை எதிர்கொள்ளாது இவ்வாதம் நிறைவுறாது. 1995 ஒக்ரோபர் முதல் 1996 மார்ச் வரை வெளிவந்த அன்னோ ஹிடெயாக்கியின் 'நியோன் ஜெனெசிஸ் எவாங்கெலியன்' இறுதி இரு அங்கங்களிலே போரையும் மர்மங்களையும் ஒதுக்கிவிட்டுப் பதினான்கு வயதுச் சிறுவன் ஷிஞ்சியின் மனத்தினுள்ளே புகுந்து முடிவுற்றது. பார்வையாளர் பலர் வெகுண்டனர். உடன்படிக்கை மீறப்பட்டது என்பதே அவர்களது முறைப்பாட்டின் சாரம்.

முதலங்கத்தை மீண்டும் பார்ப்போம். பல்லாண்டு தன்னைப் புறக்கணித்த தந்தையிடமிருந்து சிறுவனுக்கு அழைப்பு வருகின்றது. அழைத்தது மகனை அன்று, இயந்திரத்தை ஓட்ட ஓர் ஆளை என்பது தெரிகின்றது. அவன் மறுக்கின்றான். படுகாயமுற்ற சிறுமியொருத்தி அவனுக்குப் பதிலாகக் கொண்டுவரப்படுகின்றாள். அவன் இணங்குகின்றான். இயந்திரம் மேலே செலுத்தப்பட்டுப் பகையின் முன் நிற்கின்றது, அங்கம் முடிகின்றது. போர் தொடங்கவில்லை. இருபத்து நான்கு நிமிடமும் செலவிடப்பட்டது ஒரு பிள்ளை 'ஏறுவேன்' என்று சொல்வதற்கான உள்ளப் போராட்டத்திலேயே. எனவே இறுதி அங்கங்கள் உள்ளத்துக்குத் திரும்பியமை வாக்குமீறல் அன்று. ஆயின் நேர்மையாகக் கூறுமிடத்து, இத்தொடர் தன் நடுப்பகுதியிலே வேறு பல முடிச்சுகளையும் இட்டது. அவற்றை அவிழ்க்கும் என்ற எதிர்பார்ப்பைத் தானே வளர்த்தது. அவ்வளவில் பார்வையாளரின் முறைப்பாட்டிலே நியாயமுண்டு. 1997 யூலையிலே திரைப்பட வடிவிலே வேறொரு முடிவு வழங்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. எனினும் இவ்வழக்கைத் தீர்க்க நாம் நாட வேண்டிய மூல ஆவணம் முதலங்கமே என்பது தெளிவு.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றியதுதானே, இத்துணை வெப்பம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். விடை இதுவே: பார்ப்போரின் பழக்கம் படைப்போரின் கையைச் சென்றடைகின்றது. 2023 ஏப்பிரலிலே தொடங்கிய 'ஒஷி நோ கோ' தன் முதலங்கத்தைத் தொண்ணூறு நிமிடமாக நீட்டி, ஒளிபரப்புக்கு முன்னரே திரையரங்கிலும் காட்டியது. அதே ஆண்டு செப்ரெம்பரிலே 'ஃபிரீரென்' முதல் நான்கு அங்கங்களை ஒரே இரவிலே இரண்டு மணித்தியால நிகழ்ச்சியாக வழங்கியது. இவ்விரண்டும் இழிந்த படைப்புகள் அல்ல. பெரும்பயணம் முடிந்து வீரர் ஊர் திரும்பும் இடத்திலே கதையைத் தொடங்கி, ஐம்பதாண்டு கடந்து தோழன் ஒருவனின் மரணச் சடங்கிலே அழும் நாயகியைக் காட்டும் 'ஃபிரீரென்' தொடக்கம், பாயிரம் என்று நாம் கூறியதற்குச் சிறந்த உதாரணமே. ஆயின் நீண்ட முதலங்கமும் பல அங்கத் தொகுப்பும் வலிய முதலீட்டாளரைக் கொண்ட தொடருக்கே இயலும். ஏனையவை இருபத்து நான்கு நிமிடத்துக்குள் முழங்கியாக வேண்டும். இன்றேல் மறைந்தொழிய வேண்டும். உடைகளைக் களைந்து மலையிலே ஓடும் சிறுமிக்கு அந்நெரிசலிலே இடமுண்டா? 'ஹைடி' போன்ற முதலங்கத்தை இன்று எழுதுபவன் தன் தயாரிப்புக் குழுவின் முன் எவ்வாறு வாதாடுவான்? அவனுக்காக வாதாட வேண்டியவர் சுவைஞராகிய நாமன்றோ?

குறிப்பாக, பல்கலைக்கழகத்தவராகிய நமக்கு இதிலே மேலதிகமான பொறுப்புண்டு. நாவலை முதல் அத்தியாயத்தோடு மதிப்பிடும் மாணவனை விரிவுரையாளர் ஏற்பதில்லை. காப்பியத்தை நாட்டுப்படலத்தோடு மூடிவைப்பவனை நாம் கற்றவன் என்பதுமில்லை. திரையிலே அசையும் சித்திரம் என்றவுடன் அவ்வொழுக்கத்தைக் கைவிடுவது ஏன்? அது கலையெனின் கலைக்குரிய கவனத்தை அதற்கும் வழங்குதல் வேண்டும். கலையன்றெனின் அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறும் ஆரவாரமும் வேண்டியதில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் நெறி எளியது. முதலங்கத்தைப் பார்த்துத் தொடரை விட்டுவிட எவருக்கும் உரிமையுண்டு. காலம் அவரவர்க்குச் சொந்தமானது. ஆயின் விட்டுவிட்டேன் என்பது வேறு, தீயது என்பது வேறு. முன்னையது தெரிவு, பின்னையது தீர்ப்பு. தீர்ப்புரைக்க விரும்புபவர் தொடரை இறுதி வரை பார்த்தல் வேண்டும். பார்த்தபின் முதலங்கத்தை மீண்டுமொருமுறை பார்த்தல் வேண்டும். முதன்முறை அது தந்த வாக்கை அறிகின்றோம்; இரண்டாம் முறை அவ்வாக்கு காக்கப்பட்டதா என்பதனை அறிகின்றோம். அட்டொமைக் கைவிட்ட தந்தையும், அமுரோவின் தந்தையை விழுங்கிய துளையும், ஸ்பைக் நின்ற மழையும் அவ்விரண்டாம் பார்வையிலேயே தம் முழுப்பொருளையும் தருவன. இருபத்து நான்கு நிமிடங்களே இதற்குச் செலவாகும். அவசரத் தீர்ப்புக்கு நாம் ஏற்கெனவே செலவிட்டு வருவதும் அவ்வளவு நேரமே.